பதினாறாவது புரோகிராம்

எனக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்லிக்கொடுத்தவள் என் தங்கை. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சொல்லிக்கொடுத்தாள். அவளால் பேச முடியாது. தொண்டையில் புற்றுநோய் வந்து, பெங்களூரில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது. மூச்சு அதன் வழியாகத்தான். முப்பத்தைந்து வயதில் வந்தது. வெற்றிலை போடுவாளா, புகையிலை வைப்பாளா என்று கேட்காத உறவுக்காரர் இல்லை. பாக்குகூட மெல்லாதவள் அவள். கேட்டவர்களை நாலு வார்த்தை திட்டி அனுப்பினேன். அதில் இரண்டு பேர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நல்லதாகப் போயிற்று.

நோய் வருவதற்கு முன்னால் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மைக் தேவைப்படாத குரல். தளியிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் கன்னடத்தில் சொல்வாள், பாகலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெலுங்கில் சொல்வாள். இரண்டுமே அரைகுறை. பிள்ளைகள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், பாடம் மட்டும் மண்டையில் ஏறிவிடும். வீட்டிலும் அதே சத்தம்தான். ‘வாயை வாடகைக்கு விட்டால் நாம் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடலாம்’ என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் அவளுக்கு எட்டு வயது மூத்தவன். ஐடிஐ படித்துவிட்டு, ஓசூரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இருபது வருடங்களாக மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று எனக்கும் தெரியாது. தங்கையும் மாப்பிள்ளையும் அவர்கள் மகளும் கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள், நான் மாடியில். மாப்பிள்ளைக்கு வேறொரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவர் இல்லாத நேரத்துக்கு நான், நான் இல்லாத நேரத்துக்கு அவர் என்று வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்ததும் அவள் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்த தன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஆன்லைன் வகுப்பு எடுக்க வாங்கிய ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, மகளுக்காகப் பேசிப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். நான்கு நாள் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஓடுகிற ஒரே ஃபைலாக வைத்தாள். என்ன பேசினாள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. “இது அவளுக்கு. நீங்க யாரும் ஒட்டுக் கேக்காதீங்க. அழுதா மட்டும் போட்டுக் குடுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் பெங்களூருக்குக் கிளம்பினாள். மகளுக்கு அப்போது மூன்று வயது.

அறுவை முடிந்து மூன்றாம் நாள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் லீவு போட்டுவிட்டு மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை மகள் என்றால் எனக்கு மருமகள்தானே. காலையில் எழுந்ததிலிருந்து குழந்தை ஒரே அழுகை. லேப்டாப்பைத் திறந்து அந்தப் பதிவைப் போட்டேன். அம்மா குரல் கேட்டதும் குழந்தை அடங்கிவிட்டது. ஸ்பீக்கர் பக்கத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு படுத்துக்கொண்டது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இவ்வளவு முக்கியமான சங்கதி ஒரே இடத்தில் இருக்கிறதே, லேப்டாப் கெட்டுப்போனால் என்ன ஆவது என்று எனக்கு ஒரு புத்தி வந்தது. பென்டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைக்கலாம் என்று செருகினேன். அதில் இடம் இல்லை, முழுக்க என்னுடைய பழைய பாட்டுகள். வெறுமனே டெலீட் செய்தால் பென்டிரைவில் இடம் கிடைக்காது, ஷிப்ட்டோடு சேர்த்து அழுத்தினால்தான் ஒரேயடியாகப் போகும் என்று கம்பெனியில் ஒருவன் சொல்லித் தந்திருந்தான். திரையில் இரண்டு ஜன்னல்கள் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. ஒன்று பென்டிரைவ், இன்னொன்று தங்கையின் பதிவு இருந்த இடம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஷிப்ட்டோடு அழுத்தி, கேட்ட கேள்விக்கும் ஆமாம் போட்டேன். காலியானது தங்கையின் ஜன்னல். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். என் கையில் முடிந்தது அதைவிடக் கேவலம்.

ஆனால் அப்போது நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. ஏனென்றால் ஸ்பீக்கரில் தங்கை பேசிக்கொண்டே இருந்தாள். ஜன்னலில் ஒன்றும் இல்லை, குரல் மட்டும் நிற்காமல் வருகிறது. குரல் வருகிறது என்றால் ஃபைல் இருக்கிறது, திரைதான் சரியாகக் காட்டவில்லை என்று முடிவு கட்டினேன். முட்டாள்தனமாக முடிவு கட்டவில்லை, இருபது வருட அனுபவத்தில் முடிவு கட்டினேன். தகடு அடிக்கிற எங்கள் பிரஸ் ஷாப்பில் மெஷின்களுக்கு ஒரு பேனல் உண்டு. சில சமயம் பேனல் திரையில் புரோகிராம் பட்டியல் காணாமல் போகும். மெஷின் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். ஆபரேட்டர் அலறிக்கொண்டு கூப்பிடுவான். நான் போய் மெயினை ஆஃப் செய்து, பத்து வரை எண்ணி, மறுபடி போடுவேன். பட்டியல் வந்துவிடும். நூறு முறைக்கு மேல் செய்திருப்பேன், ஒரு முறைகூடத் தப்பியதில்லை.

லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். குரல் நின்றது. பத்து வரை எண்ணிப் போட்டேன். ஜன்னல் காலியாகவே இருந்தது. குழந்தை தலையைத் தூக்கி, “அம்மா எங்க மாமா?” என்றது.

அழிந்ததை மீட்டுத் தருவார்களா என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்: ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடை, பெங்களூரில் இரண்டு கடை. ஒருவர் துண்டு துண்டாக ஏதோ எடுத்துக் கொடுத்தார், ஒரு துண்டும் பாடவில்லை. தங்கை வீட்டுக்கு வந்த பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் செல்போனில் அடித்துக் காட்டினாள்: ‘பரவால்ல விடுணா. யாரு கையில வேணும்னாலும் ஆயிருக்கும்.’ மறுபடி பேசிப் பதிவு செய்யத்தான் குரல் இல்லை. வாட்ஸ்அப்பில் அவள் குரல் கொஞ்சம் கிடந்தது: பால் வாங்கிட்டு வா, சிலிண்டர் வந்துச்சா, பஸ் ஏறிட்டேன். குழந்தைக்கென்று பேசியது அதில் ஒன்றுகூட இல்லை.

கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி கொடுத்தார்கள். முதல் தடவை அதில் இயந்திரக் குரலில் அவள் பேசியபோது குழந்தை பயந்து என் காலைக் கட்டிக்கொண்டது. அன்றே அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். குழந்தை அம்மா என்று கூப்பிட்டால் இரண்டு தடவை கை தட்டுவாள், அதுதான் பதில். எதிர் வீட்டில் கன்னடக் குடும்பம், பின் வீட்டில் தெலுங்குக் குடும்பம். குழந்தை அங்கேயே கிடந்து அவர்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டது. அது பேசுகிற தமிழில் எதிர் வீட்டு அம்மாவின் இழுவை இருந்தது. ஒரு நாள் சோறு ஊட்டும்போது, “அம்மா முன்னாடி எப்படி மாமா பேசுவாங்க?” என்று கேட்டது. எனக்கும் பேசிக் காட்டத் தெரியவில்லை. இரண்டு வருடங்களுக்குள் அந்தக் குரல் குழந்தைக்கு மறந்தே போயிருந்தது.

கல்லூரியில், லேப் வேலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். இவள்தான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதன் பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். சமைப்பாள், குழந்தைக்குத் தலை வாருவாள், மறுபடி வந்து சுவர். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் முதல் ஷிப்ட் முடித்து வந்து, “கம்பெனியில புது மெஷின் எல்லாம் லினக்ஸ்லதான் வருது. மெயின்டனன்ஸ்காரன் கத்துக்கணும்னு சொல்றாங்க. நீ சொல்லிக் குடு” என்றேன். மெஷின் வந்தது நிஜம். கற்றுக்கொள்ளச் சொன்னது பொய்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். லேப்டாப்பை இழுத்து அடித்தாள்: ‘உனக்கு சி தெரியுமா?’

“ஏ பி சி டி தெரியும்.”

அப்போது அவள் தோள் குலுங்கியது. சத்தம் வராவிட்டாலும் அது சிரிப்புதான். அவள் சிரித்துப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து முதல் ஷிப்ட் வருகிற வாரங்களில் மதியம் மூன்று மணிக்கு வகுப்பு. இரண்டு மாதம் சி மொழியோடு மல்லுக்கட்டினேன். அதன் பிறகுதான் ஆபரேட்டிங் சிஸ்டம். புத்தகம் கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் பத்து இருபது வரியில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருப்பாள். வரிக்கு வரி பக்கத்தில் பேச்சுத் தமிழில் குறிப்பு. நான் ஓட்டிப் பார்க்க வேண்டும், என்ன நடந்தது என்று வாயால் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பேனாவால் மேஜையில் ஒரு தட்டு.

முதல் புரோகிராம் தன்னுடைய நம்பரைத் தானே சொல்லும். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் வேறு நம்பர். ‘ஓடறதுக்குத்தான் நம்பர். டிஸ்க்ல சும்மா கெடக்கறதுக்கு இல்ல’ என்று எழுதியிருந்தாள். மூன்றாவதில் ஒரே நேரத்தில் இரண்டு புரோகிராம்கள் மாறி மாறி எழுதும். யார் முந்துவார் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. “யாரு முடிவு பண்றது?” என்றேன். ‘கர்னல். சிஸ்டத்தோட உள்கரு. உங்க ஷிப்ட் இன்சார்ஜ் மாதிரி. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் குடுக்கும், யாருக்கும் காரணம் சொல்லாது.’ ஏழாவதில் ஒரு ஃபைலைத் திறந்தால் கர்னல் ஒரு எண்ணைக் கையில் கொடுக்கும். அதற்கப்புறம் பெயரைச் சொல்லத் தேவையில்லை, எண்ணைச் சொன்னால் போதும். அந்த எண் ஏன் எப்போதும் மூன்றில் ஆரம்பிக்கிறது என்று அரைமணி நேரம் சண்டை போட்டேன். பூஜ்யம், ஒன்று, இரண்டு முன்கூட்டியே கீபோர்டுக்கும் திரைக்கும் போய்விடுமாம். அவளுக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. என்னைவிட மோசமான மாணவர்களைப் பார்த்தவள்தானே.

பத்தாவது புரோகிராம் முடிவே இல்லாமல் சுற்றுகிறது. லேப்டாப் ஃபேன் ஊளையிட ஆரம்பித்தது. என் கை தானாகப் பவர் பட்டனுக்குப் போயிற்று. அவள் பளாரென்று கையில் ஒன்று போட்டாள். ‘இதுதான் உன் வியாதி. எதுன்னாலும் ஆஃப் பண்றது. உள்ள யாரு ஓடிட்டிருக்கா, என்ன புடிச்சிட்டிருக்கான்னு மொதல்ல பாரு. அப்புறம் அந்த ஒருத்தனை மட்டும் நிறுத்து.’ நல்ல பிள்ளையாக அப்படியே செய்தேன். அன்று எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அதற்குள் கல்லூரியில் அவளிடம் படித்த சிலர் இந்தப் பாடங்களைக் கேட்டு வாங்கிப்போனார்கள். எழுதியே வகுப்பு நடத்த முடியும் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. காலையில் குளித்து, கழுத்தில் மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டு, எனக்காகக் காத்திருப்பாள். நான் சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்லித் தொடங்கியது நல்லதாய் முடிந்தது என்று கர்வம்கூட இருந்தது.

பதினாறாவது புரோகிராமுக்கு அன்று அவள் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தாள். ‘இன்னிக்கு ஒரு மேஜிக்’ என்று மேலே எழுதியிருந்தாள். அடுத்த அறையில் மருமகள் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது.

புரோகிராம் சின்னதுதான். ஒரு ஃபைலைத் திறக்கிறது. திறந்த கையோடு அந்த ஃபைலை அழித்துவிடுகிறது. ஒரு நிமிடம் காத்திருக்கிறது. பிறகு, அழித்த ஃபைலைப் படிக்கப் போகிறது.

“அழிச்சப்புறம் எங்க இருந்து படிக்கும்?” என்றேன்.

ஓட்டிப் பார் என்று கையைக் காட்டினாள். ஓட்டினேன். காத்திருக்கிற அந்த ஒரு நிமிடத்தில் ஃபைல் இருந்த இடத்தைத் திறந்து பார்க்கச் சொன்னாள். ஜன்னல் காலி. நிமிடம் முடிந்தது. ஃபைலில் அவள் எழுதி வைத்திருந்த வரி திரையில் முழுதாக வந்தது: ‘ஏமாந்தியாணா?’

கீழே அவளுடைய குறிப்பு. ‘நீ அழிச்சது பேரை. பொருளை இல்ல. ரேஷன் கார்டுல பேரை அடிச்சிட்டா ஆளு செத்தா போயிடறான்? வீட்டுல உக்காந்து சோறு தின்னுட்டுதான் இருப்பான். ஓடற புரோகிராம் ஒண்ணு அந்த ஃபைலைப் புடிச்சிட்டிருக்கற வரைக்கும் கர்னல் அதை விடவே விடாது. நீயும் திரும்ப எடுத்துக்கலாம்.’ எடுத்தும் காட்டினாள். புரோகிராமின் நம்பரைக் கண்டுபிடித்து, அது பிடித்துக்கொண்டிருக்கிற மூன்றாம் எண்ணைப் பார்த்து, ஒரே ஒரு காப்பி. ஒரு வரி அடித்தாள். அழிந்த ஃபைல் முழுசாக வந்து உட்கார்ந்தது.

காலியான ஜன்னல். நிற்காத குரல். என் பட்டன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன். அவள் பேசிக்கொண்டிருந்தவரை எல்லாமே இருந்திருக்கிறது. லேப்டாப் தெரிந்தவன் ஒருவனைக் கூப்பிட்டிருந்தால் போதும். அதுகூட வேண்டாம், என் செல்போனில் பதிவு போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தால் போதும். நான் செய்யாமல் இருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அதைத்தான் செய்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியப்படுவேன் என்று எதிர்பார்த்தாள். “அட” என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

‘கேளு’ என்று அடித்தாள்.

“என்னத்தக் கேக்கறது?”

‘இந்தப் பாடத்துல எல்லா வருசமும் கடைசி பெஞ்சுல ஒருத்தனாச்சும் ஒண்ணு கேப்பான். கேளு.’

அவளே அடித்தாள்: ‘மேடம், நடுவுல கரன்ட் போயிட்டா?’ அதற்குக் கீழே பதிலையும் அடித்தாள். ‘போச்சு. புடிச்சிட்டிருந்த ஆளும் இல்ல, பேரும் இல்ல. அவ்வளவுதான்.’

அடித்துவிட்டுச் சிரித்தபடி திரும்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் குனிந்ததுதான் காட்டிக்கொடுத்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு எப்போதும் பவர் பட்டனுக்குப் போகிற என் வலது கையைப் பார்த்தாள். கல்லூரியில் பதினோரு வருடம் பாடம் நடத்தியவளுக்கு இதைக் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மெதுவாக அடித்தாள்.

‘அன்னிக்கு அழிச்சப்ப லேப்டாப்ல அது ஓடிட்டு இருந்துச்சா?’

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அவள் நம்பியிருப்பாள், மறுநாள் பதினேழாவது பாடம் நடந்திருக்கும். எனக்கு அந்தப் பொய் வரவில்லை. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு நல்லதா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

“நீ பேசிட்டுதான்மா இருந்த” என்றேன். பேனல் கதையைச் சொன்னேன். பத்து வரை எண்ணியதையும் சொன்னேன்.

அவள் மேஜையில் கவிழ்ந்துகொண்டாள். முதுகு குலுங்கியது. கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது, மூச்சு சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த அறையில் குழந்தை பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு அதற்குக் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அழுவது அவளுக்குத் தெரியவே இல்லை. தங்கை தோளைத் தொட்டேன், தட்டிவிட்டாள். நியாயம்தான். நான் எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் நின்றேன்.

அவள் நிமிர்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. கீபோர்டை இழுத்தாள். என்னைத் திட்டி எழுதப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

‘நான் என்ன பேசிட்டிருந்தேன் அப்போ?’

அவளுக்கு நினைவில்லை. நான்கு மதியம் பேசியதில் எது எங்கே வந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள், ஆனாலும் காதில் விழுந்தது. இரண்டு வருடமாக ஒரு நாள்கூட அது மறக்கவில்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை. என் கரகர குரலில், அவள் சொன்ன மாதிரியே சொல்லப் பார்த்தேன்.

“நீ கூப்புட்டா அம்மா பதில் பேசலியேன்னு நெனைக்காத கண்ணு. அம்மாவுக்கு நீ கூப்புடறது கேக்கும். கேட்டவுடனே அம்மா என்னா பண்ணுவேன்னா...”

நிறுத்தினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சொல் அடித்தாள்.

‘அப்புறம்?’

“அப்புறம் நான் ஆஃப் பண்ணிட்டேன்மா.”